ஆளரவமற்ற இடத்தில் தனியாகக் கூடாரம் போட்டுத் தங்கும்போது தற்காப்புக்கு எதை நம்புவது?

பனிமுகடு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். கடந்த நான்கு ஆண்டுகளாக நண்பர்களுடன் மலைப்பாதைகளில் நடந்து, கூடாரத்தில் தங்கி வருகிறேன். அப்போதெல்லாம் ஐந்தாறு பேர் இருப்போம். வழி பார்ப்பவர் ஒருவர், அடுப்பு மூட்டுபவர் ஒருவர், இரவில் சத்தம் கேட்டால் முதலில் எழுந்து பார்ப்பவர் ஒருவர் என்று வேலைகள் தாமாகவே பிரிந்துவிடும் என்பதால், பயம் என் பங்குக்கு வந்ததே இல்லை. அடுத்த மாதம் முதன்முறையாக மூன்று பகலும் இரண்டு இரவும் தனியாகப் போகவிருக்கிறேன். அனுமதியும் வாங்கியாயிற்று. பாதை தொடங்கும் இடத்திலிருந்து முதல் இரவு தங்குமிடம் ஏறக்குறைய 11 கிலோமீட்டர். இடையில் 600 மீட்டர் ஏற்றம் இருக்கிறது. செல்பேசி சிக்னல் முதல் மூன்று கிலோமீட்டரோடு நின்றுவிடும்.

வீட்டில் யாரும் தடுக்கவில்லை. ஆனால் கையில் ஆயுதம் ஏதாவது இல்லாமல் போகக் கூடாது என்று அண்ணன் பிடிவாதமாக இருக்கிறார், நீளமான கத்தி ஒன்றையும் எடுத்து வைத்துவிட்டார். நண்பர் ஒருவர் பெப்பர் ஸ்பிரே போதும் என்கிறார். உடன் பணிபுரியும் இன்னொருவர், உரிமம் எடுத்துத் துப்பாக்கி வைத்துக்கொள்ளும் வரை இந்த எண்ணத்தையே தள்ளிப்போடச் சொல்கிறார். எனக்கோ இவற்றில் எதுவும் நடு இரவில், உறக்கப்பைக்குள் கைகால் சுருட்டிக் கிடக்கும் நிலையில், உண்மையிலேயே பயன்படுமா என்ற சந்தேகம் இருக்கிறது. ஆயினும் வெறுங்கையோடு போவதும் அசட்டுத்தனமாகத் தோன்றுகிறது.

தனியாகத் தங்கிப் பழகியவர்கள் தற்காப்புக்கு எதை நம்புகிறீர்கள்? விலங்குகளுக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக யோசிக்க வேண்டுமா?


நடைவழி பதிலளிக்கிறார்:

நண்பருக்கு வணக்கம். இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடக்கிறேன். அதில் சில ஆண்டுகள் மலை மீட்புக் குழு ஒன்றில் தன்னார்வலனாகவும் இருந்தேன். அந்த ஆண்டுகளில் எங்களை அழைத்தவர்களில் கால் பிசகி விழுந்தவர்கள், இருட்டில் பாதை தவறியவர்கள், ஆற்றைக் கடக்கும்போது இழுத்துச் செல்லப்பட்டவர்கள், நனைந்து குளிரில் விறைத்தவர்கள் என்று எல்லா வகையினரும் இருந்தார்கள். கத்தி இருந்திருந்தால் தப்பியிருப்பார் என்று சொல்லத்தக்க ஒருவரைக்கூட நான் தூக்கி வந்ததில்லை. ஆபத்தான மனிதர்களோ விலங்குகளோ இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். உங்கள் முதுகுப்பையின் எடையையும் உங்கள் கவனத்தையும் முதலில் எதற்குச் செலவிட வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

என் அனுபவத்தில், அந்த இரவு எப்படிக் கழியும் என்பது கூடாரத்தை விரிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஆகவே அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு வெளிச்சத்தில் கிடைக்க வேண்டும். மணிக்கு 5 கிலோமீட்டர், ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம் என்பது 1892-இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி வகுத்த கணக்கு. அதன்படி உங்கள் 11 கிலோமீட்டருக்கு மூன்றேகால் மணி நேரம் வரும். ஆனால் அது சுமை குறைந்த, ஓய்வெடுக்காத, நல்ல உடற்கட்டுள்ள நடையருக்கான கணக்கு. இரண்டு இரவுக்கான மூட்டையோடு தனியாக நடப்பவர் ஐந்து மணி நேரம் என்று வைத்துக்கொண்டு புறப்படுவதுதான் நல்லது. வழியில் சூரியனைப் பார்த்துக் கையை முழுவதும் நீட்டி, அடிவானத்துக்கும் சூரியனுக்கும் இடையே எத்தனை விரல்கள் கிடைமட்டமாக அடங்குகின்றன என்று எண்ணுங்கள். ஒரு விரலுக்கு ஏறக்குறைய கால் மணி நேரம். மலைக்கு நடுவில் அடிவானம் தெரியாது என்பதால் வெளிச்சம் அந்தக் கணக்கைவிடச் சீக்கிரமே போய்விடும். எட்டு விரல் மிச்சம் இருக்கும்போதே நான் நடையை நிறுத்திவிடுவேன்.

இடத்துக்கு வந்ததும் மூட்டையை இறக்கிவிட்டு முதலில் மேலே பாருங்கள். காய்ந்துபோய், வேறு கிளையில் மாட்டித் தொங்கிக்கொண்டிருக்கும் கிளை காற்றில்லாத இரவிலும் விழும். பிறகு கீழே பாருங்கள். ஒருமுறை புல் மெத்தை போலிருந்த அருமையான சமதளம் ஒன்றில் கூடாரத்தின் நான்கு முளைகளையும் அடித்து முடித்த பிறகுதான், பக்கத்துப் புதரில் என் இடுப்பளவு உயரத்தில் காய்ந்த சருகும் குச்சியும் ஒரே கோடாகச் சிக்கியிருப்பதைக் கவனித்தேன். வெள்ளம் விட்டுச்சென்ற கோடு அது. வானம் அப்போது துடைத்துவிட்டாற்போல் இருந்தது. ஆனால் மழை நம் தலைக்கு மேல்தான் பெய்ய வேண்டும் என்பதில்லை, பத்து கிலோமீட்டர் மேலே பெய்தாலும் நீர் நம்மிடம்தான் வரும். முளைகளைப் பிடுங்கிக்கொண்டு மேலே ஏறினேன். அன்றிரவு வெள்ளம் எதுவும் வரவில்லை, ஆனாலும் ஏறியதில் எனக்கு வருத்தமில்லை. வேகமாக ஓடும் நீர் 15 சென்டிமீட்டர் ஆழம் இருந்தாலே வளர்ந்த ஆளைக் கவிழ்த்துவிடும். மறுநாள் வழியில் ஓடையைக் கடக்க வேண்டியிருந்தால் அதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவதாகச் சுற்றிலும் பாருங்கள். சாணம், குளம்புத் தடம், மரப்பட்டையில் நகக் கீறல், நீர்நிலையை நோக்கி இறங்கும் ஒற்றையடித் தடம் ஆகியவை இருந்தால் அது யாரோ ஒருவருடைய வழி. நீங்கள்தான் விலக வேண்டும். நீர்நிலையிலிருந்து 60 மீட்டராவது தள்ளியே தங்குங்கள். அது தண்ணீருக்கும் நல்லது, தண்ணீர் குடிக்க வரும் விலங்குகளுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. உணவையும் குப்பையையும் பற்பசை போன்ற வாசனைப் பொருள்களையும் கூடாரத்துக்குள் வைக்காதீர்கள். கரடி நடமாட்டமுள்ள பகுதியென்றால் சமைக்கும் இடமும் உணவு வைக்கும் இடமும் உறங்குமிடத்திலிருந்து 100 மீட்டர் அளவுக்குத் தள்ளி இருக்கட்டும். சமைக்கும்போது அணிந்திருந்த சட்டையும் அங்கேயே தங்கட்டும். நடு இரவில் விலங்கு கூடாரத்தைத் தேடி வருவதற்கான காரணங்களில் பெரும்பாலானவற்றை நாமேதான் உள்ளே எடுத்துச் செல்கிறோம்.

உள்ளே எடுத்துச் செல்லக் கூடாத இன்னொன்று நெருப்பு. குளிராக இருக்கிறதென்று கரியடுப்பையோ, எரிந்து தணிந்த கங்குத் தட்டையோ கூடாரத்துக்குள் வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழுந்ததில்லை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஒட்டிக்கொள்கிறது. உங்கள் அண்ணனிடம் பேசும்போது, கத்தியைப் பற்றிப் பேசுவதற்கு முன் இதைப் பற்றிப் பேசுங்கள். குளிருக்கு அஞ்சினால் உடலுக்குக் கீழே விரிக்கும் பாயைத் தடிமனானதாக வாங்குங்கள், ஒரு செட் உலர்ந்த உடையை உறங்குவதற்கென்றே தண்ணீர் புகாத உறையில் தனியாக வையுங்கள். பள்ளத்தில் குளிர்காற்று வந்து தேங்கும் என்பதால் பள்ளத்தைவிடச் சற்றே மேடான இடம் கதகதப்பாக இருக்கும்.

கத்தி கொண்டுபோவதில் தவறில்லை. கயிறு அறுக்கவும் துணி கிழித்துக் கட்டுப்போடவும் உள்ளங்கை அளவு கத்தி ஒன்று போதும். நீளக் கத்தியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புறப்படுவதற்கு முன் ஒரு பயிற்சி மட்டும் செய்து பாருங்கள். வீட்டுக் கூடத்தில் கூடாரத்தை விரித்து, விளக்குகளை அணைத்து, உறக்கப்பைக்குள் கண்மூடிப் படுத்திருங்கள். அண்ணன் தனக்குத் தோன்றிய நேரத்தில் வந்து கூடாரத்தை உலுக்கட்டும். டார்ச், காலணி, வண்டிச் சாவி மூன்றோடும் நீங்கள் வெளியே வந்து நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று அவரே எண்ணட்டும். எதையும் மடித்து எடுத்துக்கொள்ளாமல், கூடாரத்தை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பிவிட முடிகிற நிலையில் இருப்பதைத்தான் நான் தற்காப்பு என்று எண்ணுகிறேன்.


கல்தூண் பதிலளிக்கிறார்:

நடைவழி அவர்கள் சொன்னவற்றில் இடத்தேர்வு பற்றியவை அத்தனையும் சரி. ஆனால் முடிவை நான் ஏற்கவில்லை. வேலையின் பொருட்டு ஆண்டில் பாதி நாள் காட்டோரங்களில் தங்குபவன் நான். எல்லாவற்றையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு நாள் ஏதோ ஒன்று எதிரே வந்து நிற்கும். அந்தக் கணத்தில் 'நான் சரியான மேட்டில்தான் தங்கியிருக்கிறேன்' என்ற எண்ணம் யாரையும் காப்பாற்றாது. நான் உரிமம் பெற்ற துப்பாக்கியை முறையான பயிற்சியோடு வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு முறைகூடச் சுட்டதில்லை, ஆனாலும் அது இருப்பதால்தான் எனக்கு உறக்கம் வருகிறது. கிளம்பிவிடுவதுதான் தற்காப்பு என்கிறீர்கள். 11 கிலோமீட்டர் இருட்டில் எங்கே கிளம்புவது? காலில் அடிபட்டவர் எப்படிக் கிளம்புவார்? ஓடக் கூடாத விலங்கின் முன்னால் ஓடினால் என்ன ஆகும்?

நண்பர் பனிமுகடு துப்பாக்கி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வெறுங்கையோடு போகலாம் என்று அவரை நம்பவைக்காதீர்கள் என்று மட்டுமே சொல்கிறேன்.


நடைவழி பதிலளிக்கிறார்:

நியாயமான மறுப்பு, ஐயா. விலங்கின் முன்னால் ஓடக் கூடாது என்பதில் உங்கள் கட்சிதான் நான். கிளம்புவது என்று நான் சொன்னது ஓடுவதை அன்று, ஏதோ சரியில்லை என்று முதலில் தோன்றும்போதே விலகிவிடுவதை. அடிபட்ட காலைப் பற்றிய கேள்விக்கு என்னிடம் முழுமையான விடை இல்லை. அங்கே உதவியை அழைக்கும் கருவியைத்தான் நம்ப வேண்டும். அதை நன்கு அறிந்தவர் எழுதினால் நல்லது.

ஆயுதத்தைப் பொறுத்தவரை ஒரு செய்தியை மட்டும் முன்வைக்கிறேன். டாம் ஸ்மித், ஸ்டீபன் ஹெரேரோ உள்ளிட்ட ஆய்வாளர்கள் அலாஸ்காவில் 1985 முதல் 2006 வரை கரடி ஸ்பிரே பயன்படுத்தப்பட்ட 83 நிகழ்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியிட்டார்கள். கரடியை நெருக்கத்தில் எதிர்கொண்டபோது ஸ்பிரேயைக் கையில் வைத்திருந்தவர்களில் 98 விழுக்காட்டினருக்குக் காயமே இல்லை. அதே ஆய்வாளர்கள் துப்பாக்கி தொடர்பான 269 நிகழ்வுகளை 2012-இல் ஆராய்ந்தபோது, துப்பாக்கியைப் பயன்படுத்தியவர்களுக்கும் கையில் இருந்தும் பயன்படுத்தாதவர்களுக்கும் இடையே காயமடைந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பாய்ந்து வரும் விலங்கைப் பதற்றத்தில் குறிபார்த்துச் சுடுவதைவிட, அதன் முன்னால் ஒரு எரிச்சல் மேகத்தை எழுப்புவது சாதாரண மனிதருக்கு எளிது என்பதே காரணமாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. உங்களைப் போல முறையாகப் பழகியவர்களின் நிலை வேறு.

பனிமுகடு அவர்களே, கரடி ஸ்பிரேயும் மனிதர்களுக்கு எதிராக விற்கப்படும் சிறிய பெப்பர் ஸ்பிரேயும் ஒன்றல்ல. கரடி ஸ்பிரே ஏழெட்டு மீட்டர் தூரம் பீய்ச்சக்கூடிய பெரிய டப்பா. இடுப்பில் மாட்டியிருந்தால்தான் பயன், பைக்குள் கிடந்தால் வெறும் சுமை. கொசு மருந்தைப் போல உடலிலோ கூடாரத்திலோ முன்கூட்டியே அடித்துக்கொள்ளக் கூடாது. கரடி இல்லாத பகுதிக்கு அதைச் சுமக்கவும் தேவையில்லை. எதை எடுத்துச் சென்றாலும் அந்த நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் பெப்பர் ஸ்பிரே 1968-ஆம் ஆண்டின் துப்பாக்கிச் சட்டத்தின்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம். அதைவிட முக்கியமாக, மூடிய கூடாரத்துக்குள்ளிருந்து ஸ்பிரே அடித்தால் முதலில் கண் எரியப்போவது உங்களுக்குத்தான்.


மழைத்தும்பி பதிலளிக்கிறார்:

ஒன்பது ஆண்டுகளாகத் தனியாகத் தங்கிவரும் பெண் என்ற முறையில், இங்கே இதுவரை யாரும் பேசாத பக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். விலங்குகளுக்கு ஒன்று, மனிதர்களுக்கு ஒன்று என்று தனித்தனியாக யோசிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கண்டிப்பாக வேண்டும். விலங்கிடம் நீங்கள் இருப்பதை முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும், சத்தமாகப் பேசிக்கொண்டே வளைவுகளைக் கடக்க வேண்டும். மனிதர்களிடம் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதைத் தெரியப்படுத்தாமல் இருப்பதே பாதுகாப்பு. இரண்டுக்கும் ஒரே பழக்கம் உதவாது.

மனிதர்களால் வரும் தொல்லை பெரும்பாலும் வண்டி போகும் இடத்தோடு நின்றுவிடுகிறது. குடித்துவிட்டுக் கூச்சலிடுபவர்களும் திருடுபவர்களும் மூச்சிரைக்க மூன்று மணி நேரம் ஏறி வருவது அரிது. ஆகவே சாலையிலிருந்தும் வண்டி நிறுத்துமிடத்திலிருந்தும் பார்வைக்கு எட்டும் தூரத்தில் நான் ஒருபோதும் தங்குவதில்லை. புதிதாகப் போகிறவர்கள் சாலைக்குப் பக்கத்தில் இருந்தால் பாதுகாப்பு என்று நினைப்பது இயல்புதான், ஆனால் எனக்கு நேர்ந்த சங்கடங்கள் அனைத்தும் அங்கேதான் நேர்ந்தன.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு பாதையின் தொடக்கத்தில் ஒருவர் என்னிடம் பேச்சுக் கொடுத்தார். முதலில் வானிலை, பிறகு என் பையின் எடை, பிறகு எத்தனை நாள், பிறகு எங்கே தங்குவதாக இருக்கிறேன், கடைசியில் 'தனியாகவா?' என்று கேள்விகள் ஒரு திசையில் நகர்ந்துகொண்டே போயின. தனித்தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரணக் கேள்விகள். நண்பர்கள் பின்னால் வருகிறார்கள், மேலே இருக்கும் குழுவோடு சேரப்போகிறோம் என்று சொல்லிவிட்டு நடந்தேன். பொய்தான், அந்தப் பொய்க்காக இன்றுவரை நான் வருந்தியதில்லை. முதல் மேட்டைக் கடந்ததும் பாதையை விட்டு விலகி ஒரு பாறையின் பின்னால் இருபது நிமிடம் உட்கார்ந்தேன். யாரும் வரவில்லை. ஆனாலும் நான் குறித்து வைத்திருந்த இடத்தில் அன்று தங்கவில்லை. மாலை ஐந்து மணிக்கு அங்கே அடுப்பு மூட்டிச் சாப்பிட்டு முடித்து, எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு இன்னும் ஒன்றரை கிலோமீட்டர் நடந்து, பாதையிலிருந்து தெரியாத சரிவு ஒன்றில் விளக்கே ஏற்றாமல் கூடாரத்தைப் போட்டேன். அன்றிலிருந்து சமைக்கும் இடம் வேறு, உறங்கும் இடம் வேறு என்பது என் வழக்கமாகிவிட்டது. மேலே நடைவழி ஐயா சொன்ன உணவு வாசனைப் பிரச்சினையும் அதிலேயே தீர்ந்துவிடுகிறது.

விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். கூடாரத்துக்குள் விளக்கு எரிந்தால் கூடாரமே ஒரு கண்ணாடி விளக்கு மாதிரி ஆகிவிடும். வெளியே இருப்பவருக்கு உங்கள் நிழல் அசைவது உட்பட எல்லாம் தெரியும், உங்களுக்கோ வெளியே எதுவும் தெரியாது. தலையில் மாட்டும் டார்ச்சைச் சிவப்பு ஒளியில் வைத்துக் காரியங்களை முடித்துவிட்டு அணைத்துவிடுங்கள். சத்தம் கேட்டால் உடனே ஏற்றாதீர்கள், இருட்டில் கண் பழகியிருப்பது உங்களுக்கு இருக்கும் ஒரே அனுகூலம். அதோடு, இரவில் கேட்கும் சத்தங்களுக்கு அளவே கிடையாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். காய்ந்த சருகின் மேல் நடக்கும் எலி ஒன்று, கூடாரத்துக்குள் படுத்திருப்பவருக்கு ஆள் நடப்பது போலவே கேட்கும். முதல் தனி இரவில் நான் மூன்று மணி வரை விழித்திருந்து காவல் காத்தது ஒரு முள்ளம்பன்றியை.

இன்னும் சில. கூடாரத்தின் ஜிப்பை உள்ளிருந்து பூட்டாதீர்கள், அந்தத் துணி யாரையும் தடுக்கப்போவதில்லை, உங்களை மட்டுமே தடுக்கும். வண்டியை வெளியே போகும் திசை பார்த்து நிறுத்துங்கள். 'ஞாயிற்றுக்கிழமை திரும்புவேன்' என்று எழுதி வண்டிக் கண்ணாடியில் வைக்கும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அது அதுவரை யாரும் வரமாட்டார்கள் என்று திருடனுக்கு நாமே எழுதிக் கொடுக்கும் சீட்டு. படங்களை வீடு திரும்பிய பிறகு இணையத்தில் போடுங்கள். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் ஒரு மனிதரைப் பற்றி மனது உறுத்தினால், நாகரிகம் பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். நம்மில் பலர் ஆபத்தைவிட, எதிரில் இருப்பவர் தவறாக நினைத்துக்கொள்வாரோ என்பதற்குத்தான் அதிகம் அஞ்சுகிறோம்.


அலைவரிசை பதிலளிக்கிறார்:

கல்தூண் அவர்கள் எழுப்பிய 'காலில் அடிபட்டவர் எப்படிக் கிளம்புவார்' என்ற கேள்விக்கு, தகவல் தொடர்புத் துறையில் இருப்பவன் என்ற முறையில் என்னால் ஆன விடை இது.

சிக்னல் இல்லாத இடத்துக்குத் தனியாகப் போகிறவர் தனிநபர் அவசர ஒலிபரப்பி ஒன்றையோ செயற்கைக்கோள் வழிச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றையோ எடுத்துச் செல்வது, மேலே பேசப்பட்ட ஆயுதங்கள் எல்லாவற்றையும்விட மேலானது. முதல் வகை 406 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் காஸ்பாஸ்-சார்சாட் என்ற பன்னாட்டுச் செயற்கைக்கோள் அமைப்புக்கு அபாய அறிவிப்பை அனுப்பும். கனடா, பிரான்ஸ், அமெரிக்கா, அன்றைய சோவியத் ஒன்றியம் ஆகிய நான்கும் பனிப்போர்க் காலத்திலேயே சேர்ந்து உருவாக்கிய அமைப்பு அது. 1982 செப்டம்பரில் கனடாவில் விழுந்து நொறுங்கிய சிறு விமானத்தில் இருந்த மூவரை மீட்டதுதான் அதன் முதல் வெற்றி. இந்தக் கருவிக்கு மாதச் சந்தா கிடையாது. இயக்கிவிட்டால் குறைந்தது 24 மணி நேரம் ஒலிபரப்பும். ஆனால் கருவியை உங்கள் பெயரில் பதிவு செய்திருக்க வேண்டும். பழைய 121.5 மெகாஹெர்ட்ஸ் கருவியை யாராவது மலிவாகக் கொடுத்தால் அதை நம்பிப் போகாதீர்கள், செயற்கைக்கோள்கள் அந்த அலைவரிசையைக் கேட்பதை 2009 பிப்ரவரியிலேயே நிறுத்திவிட்டன. இரண்டாவது வகைக்குச் சந்தா உண்டு. ஆனால் இருபுறமும் செய்தி அனுப்பலாம், என்ன நடந்தது என்று சொல்லலாம், நலமாக இருக்கிறேன் என்று மாலையில் ஒரு வரி வீட்டுக்கு அனுப்பலாம். உங்கள் அண்ணனை நினைத்துப் பார்க்கும்போது இரண்டாவதுதான் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் என்று தோன்றுகிறது. 2022-க்குப் பிறகு வந்த சில செல்பேசிகளிலும் செயற்கைக்கோள் வழி அவசர அழைப்பு இருக்கிறது, ஆனால் எல்லா நாடுகளிலும் கிடைப்பதில்லை. எந்தக் கருவிக்கும் திறந்த வானம் தெரிய வேண்டும். அடர்ந்த மரங்களின் கீழும் குறுகிய பள்ளத்தாக்கிலும் தடுமாறும்.

கருவியைப் பையில் வைக்காமல் உடம்போடு மாட்டிக்கொள்ளுங்கள். சரிவில் உருண்டு விழுந்தவருக்குப் பத்து அடி மேலே கிடக்கும் பை பத்து கிலோமீட்டர் தூரம்தான். சட்டையின் தோள்பட்டையில் ஒரு விசிலும் தொங்கட்டும். குரல் அரை மணியில் கம்மிவிடும், விசில் கம்மாது. ஒரு நிமிடத்துக்குள் ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஆறு முறை ஊதுவது மலைகளில் பரவலாக அறியப்பட்ட அபாய அறிவிப்பு. வட அமெரிக்காவில் மூன்று முறை ஊதுவார்கள். செல்பேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு வையுங்கள், இல்லாத சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும். குளிர்ந்த இரவில் அதை உறக்கப்பைக்குள் உடம்போடு வைத்துக்கொள்ளுங்கள்.

எதுவும் வாங்க வசதியில்லை என்றால், ஒரு தாளும் நம்பிக்கையான ஓர் ஆளும் போதும். வண்டி நிற்கும் இடம், செல்லும் பாதை, ஒவ்வொரு இரவும் தங்குமிடம், கூடாரத்தின் நிறம், இவற்றோடு இரண்டு நேரங்களை எழுதிக் கொடுங்கள். ஒன்று நீங்கள் திரும்பி அழைக்கப்போவதாக நினைக்கும் நேரம். இன்னொன்று, அதற்குள் அழைப்பு வராவிட்டால் மீட்புத் துறையிடம் அவர் சொல்லிவிட வேண்டிய நேரம். இரண்டுக்கும் நடுவே நான்கைந்து மணி நேரமாவது இருக்கட்டும். இடைவெளி இல்லாமல் ஒரே நேரத்தைக் கொடுத்தவர்கள், அந்த நேரத்தைப் பிடிப்பதற்காக மழையிலும் இருட்டிலும் ஓடி வந்து விழுந்திருக்கிறார்கள். மழைத்தும்பி அவர்கள் செய்ததைப் போல இடத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்றால், எந்தச் சுற்றளவுக்குள் மாற்றுவீர்கள் என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதிவிடுங்கள்.


பனிமுகடு பதிலளிக்கிறார்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நடைவழி அவர்கள் சொன்ன பயிற்சியை நேற்றிரவு கூடத்தில் செய்து பார்த்தோம். நாற்காலிக் கால்களில் கயிறு கட்டிக் கூடாரத்தை நிறுத்தி, விளக்கை அணைத்துப் படுத்தேன். நேற்று வேலை கடுமையாக இருந்ததால் உண்மையிலேயே உறங்கிவிட்டேன். அண்ணன் வந்து உலுக்கியபோது எங்கே இருக்கிறேன் என்று புரியவே சில நொடிகள் ஆயின. உறக்கப்பையின் ஜிப் துணியில் சிக்கிக்கொண்டது, இடது காலணி காலடியில் உருண்டு கிடந்தது, டார்ச்சைத் தேடும்போது கை நேராக அண்ணன் கொடுத்த கத்தியின் உறைமேல் பட்டது. வெளியே வர 1 நிமிடம் 50 நொடி. கத்தியை உருவியிருந்தால் அந்தத் தடுமாற்றத்தில் நான் கிழித்திருப்பது என் கையையோ கூடாரத்தையோதான். அண்ணனும் அதைப் பார்த்துக்கொண்டுதான் நின்றார்.

பிறகு காலணிகளை வாசல் ஜிப்புக்கு அருகே ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியும், டார்ச்சைக் கழுத்தில் மாட்டியும், சாவியையும் விசிலையும் ஒரே கயிற்றில் கோத்துத் தலைமாட்டில் வைத்தும் மறுபடி மறுபடி செய்தோம். ஐந்தாவது முறை 34 நொடி. துப்பாக்கி என் கைக்கு ஆகாது என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கல்தூண் அவர்கள் கேட்ட கேள்விகள் இல்லாவிட்டால் செய்தி அனுப்பும் கருவியைப் பற்றி நான் யோசித்தே இருக்கமாட்டேன். அந்தக் கருவியை வாடகைக்குக் கேட்டிருக்கிறேன். கிடைக்காவிட்டால் பயணத்தை அடுத்த மாதத்திலிருந்து தள்ளிப்போடுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

தாளை இன்று காலை அண்ணனே உட்கார்ந்து எழுதினார். திரும்பி அழைக்கும் நேரம் மாலை 4 மணி, மீட்புத் துறைக்குச் சொல்லும் நேரம் இரவு 9 மணி. அவர் இரண்டாவது நேரத்தை 5 மணி என்றுதான் முதலில் எழுதினார்; அலைவரிசை அவர்களின் பதிலைப் படித்துக் காட்டிய பிறகு அடித்துத் திருத்தினார். நீளக் கத்தி சமையலறைக்குத் திரும்பிவிட்டது.

ஒரே ஒரு துணைக் கேள்வி: இரண்டாம் நாள் வழியில் மரங்களே இல்லாத நீண்ட முகடு ஒன்று வருகிறது. பிற்பகலில் இடி இடித்தால் அங்கே என்ன செய்வது?


நடைவழி பதிலளிக்கிறார்:

முகட்டை நண்பகலுக்கு முன்னரே கடந்துவிடும்படி விடியற்காலையில் கிளம்புங்கள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள், உடனே முகட்டை விட்டுத் தாழ்வான பகுதிக்கு இறங்குங்கள். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மேலே ஏறாதீர்கள். தனி மரத்தின் கீழ் ஒதுங்க வேண்டாம். கூடாரத்துக்குள் புகுந்துகொள்வதால் மின்னலிடமிருந்து எந்தப் பாதுகாப்பும் கிடையாது. முகட்டின் அடிவாரத்துக்கு வரும்போதே மேகம் கறுத்திருந்தால் அங்கேயே தங்கிவிடுங்கள். அண்ணனின் தாளில் அதற்கும் ஒரு வரி சேர்த்துவிடச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரவு 9 மணிக்கு அவர் எங்களை எழுப்பிவிடுவார்.